கத்தீட்டர் (சிறுநீரை வெளியேற்றச் செலுத்தும் மெல்லிய குழாய்) போடாமல் ஸ்கேனில் பார்த்தே நாயின் சிறுநீர்ப்பையில் எவ்வளவு சிறுநீர் இருக்கிறது என்று சொல்லும் கணக்கை நம்பலாமா?

பின்னங்கால்கள் செயலிழந்த தங்கள் நாய்க்குச் சிறுநீர் அளவை ஸ்கேன் வைத்தே மருத்துவர் கணித்தார், அது சரிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கால்நடை மருத்துவர். இந்த வேலையை நாள்தோறும் செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம்பலாம். ஆனால் ஒருமுறை அளந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்ற வித்தியாசம்தான் உண்மையைச் சொல்லும்.

சென்ற ஆண்டு எட்டுக் கிலோ எடையுள்ள ஒரு டாஷ்ஹண்ட் வந்தது. முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கிப் பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டிருந்தன. சிறுநீர்ப்பையின் வாய்த்தசையைத் தளர்த்தும் மாத்திரை ஏற்கெனவே தொடங்கியிருந்தார்கள். வளர்க்கும் அம்மா தினமும் மூன்று வேளை கையால் அழுத்திச் சிறுநீரை வெளியேற்றிவந்தார். "இப்போது தானாகவும் போகிறது, டாக்டர். துணி எப்போதும் நனைந்தே இருக்கிறது" என்றார் மகிழ்ச்சியாக. எனக்கு அந்த ஈரத்துணிதான் கவலை தந்தது. குடம் நிரம்பி வழிந்தாலும் தரை நனையத்தானே செய்யும்?

நாயைப் படுக்க வைத்து, இடுப்பெலும்புக்குச் சற்று முன்னால் ஜெல் தடவி, ஸ்கேன் கருவியில் உடம்பின் மேல் வைக்கும் பகுதியான புரோபை வைத்தேன். சிறுநீர் திரையில் கன்னங்கரேலென்று தெரியும். நீளவாக்கில் பார்த்து நீளமும் ஆழமும் எடுத்து, புரோபைக் கால் வட்டம் திருப்பி அகலத்தை எடுக்க வேண்டும். 7, 5, 6 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 0.52 ஆல் பெருக்கினால் 109 மில்லி.

"வீட்டில் செய்வதுபோலவே செய்யுங்கள், அம்மா" என்றேன். இரண்டு முறை பீய்ச்சி நின்றது. "அவ்வளவுதான், காலியாகிவிட்டது" என்றார். மறுபடி அளந்தேன்: 89 மில்லி. திரையைப் பார்த்து அவர் அழுதுவிட்டார். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. அழுத்த வேண்டிய இடத்தை யாரும் அவருக்குக் காட்டித் தரவில்லை. விரல் நுனிகளை எடுத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் பக்கவாட்டில் தட்டையாக வைத்து, வால் பக்கமாக மெல்ல, விடாமல் அழுத்தச் சொன்னேன். வெளிவந்ததைத் தட்டில் பிடித்துச் சிரிஞ்சால் அளந்தோம்: 85 மில்லி. ஸ்கேனில் மீதி 8 மில்லி. கணக்குப்படி 81 வந்திருக்க வேண்டும். நான்கு மில்லி வித்தியாசத்தை நான் பொருட்படுத்த மாட்டேன். நிரம்பியே கிடக்கும் சிறுநீர்ப்பையின் தசை நாளடைவில் சுருங்கும் வலுவை இழந்துவிடும், தேங்கியதில் கிருமியும் வளரும். அந்த 89 மில்லியைப் பார்க்காமல் விட்டிருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

இந்தக் கணக்கு சிறுநீர்ப்பையை முட்டை வடிவமாக எடுத்துக்கொள்கிறது. 0.52 க்குப் பதிலாக 0.63 வைத்துக் கணக்கிடுபவர்களும் உண்டு. 6, 5, 4 சென்டிமீட்டர் என்றால் முதல் முறையில் 62 மில்லி, இரண்டாவதில் 76. எது சரி என்று சண்டை போடுவதைவிட, எல்லா முறையும் ஒரே சூத்திரத்தில், நாயை ஒரே நிலையில் வைத்து, முடிந்தால் ஒரே ஆள் அளப்பது மேல். புரோபை அமுக்கினால் பை தட்டையாகி அளவு மாறும். மிகக் குறைவாக இருக்கும்போது பை சுருங்கி வடிவம் கோணலாகிவிடுவதால் கணக்கும் தடுமாறும். வயிற்றுக்குள் நீர் கோர்த்திருந்தால் அதுவும் கறுப்பாகத்தான் தெரியும். பையின் சுவரைக் கண்ணால் தொடர்ந்து பார்த்து உறுதி செய்யாமல் அளக்கக் கூடாது.

எலிக்காய்ச்சலிலும் பாம்புக்கடியிலும் சிறுநீரகம் அடிபட்ட நாய்களுக்கும் இதே முறைதான் துணை. நலமான நாய்க்குக் கிலோவுக்கு மணிக்கு 1 முதல் 2 மில்லி சிறுநீர் ஊற வேண்டும். 20 கிலோ நாய்க்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, விரிப்பு நனையவில்லை, நான்கு மணி நேரத்தில் பையின் அளவு 80 மில்லியாவது கூடவில்லை என்றால், ஏற்றும் திரவத்தைப் பற்றி அப்போதே மறுபடி யோசித்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தத் திரவம் நுரையீரலில் போய்ச் சேரும்.

ஆண் பூனை முக்கி முக்கிச் சொட்டுக்கூட வரவில்லை என்றால் வீட்டில் வயிற்றை அழுத்தவே வேண்டாம், பை வெடித்துவிடக்கூடும். அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

உங்கள் நாய்க்கு வருகிறேன். அடுத்த முறை போகும்போது, மருத்துவர் முன்னிலையில் நீங்களே வழக்கம்போல அழுத்தி வெளியேற்றுங்கள். அதற்கு முன்னும் உடனே பின்னும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மீதி கிலோவுக்கு ஒரு மில்லி அளவில் இருந்தால் உங்கள் கை சரியாக இருக்கிறது. அதற்கு மிக அதிகமாக நின்றால், கையை மாற்ற வேண்டுமா, மாத்திரையா, கத்தீட்டரா என்று அங்கேயே பேசி முடிவு செய்யுங்கள். மூன்று அளவுகள், நேரம், நாயின் எடை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கடுத்த முறை அளப்பவருக்கு அது வேண்டியிருக்கும்.