மெதுவாக நகரும் வளர்பருவ நாவல்கள்: கேள்வி பதில்

கேள்வி: 120 பக்கம் படித்தாயிற்று. ஒன்றுமே நடக்கவில்லை. மூடி வைத்துவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதல் அத்தியாயத்தில் ஒரு பக்கம், இப்போது நிற்கும் இடத்தில் ஒரு பக்கம், இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். வாக்கியத்தின் நீளம், பாத்திரம் எதைக் கவனிக்கிறது, யாரை நம்புகிறது: இந்த மூன்றில் ஒன்றாவது மாறியிருந்தால் கதை நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. பார்க்கும் கண் மாறுவதுதான், ஒரு குழந்தை வளர்ந்து ஆளாவதைச் சொல்லும் இந்த வகை நாவலின் பெரிய சம்பவம். உதாரணமாக, ஆரம்பத்தில் ஒரு சிறுவனுக்கு மேசையின் அடிப்பக்கம்தான் தெரியும். துருத்திய ஆணி, மூலையில் சிலந்திவலை. இருநூறு பக்கம் கழித்து அதே அறையில், அலமாரியின் உச்சியில் படிந்த தூசி அவன் கண்ணில் படுகிறது. 'வளர்ந்துவிட்டான்' என்று ஆசிரியர் எங்கும் சொல்வதில்லை. அவசரமாகப் புரட்டினால் இரண்டும் வெறும் வர்ணனையாகப் போய்விடும். மூன்றிலும் மாற்றமே இல்லையென்றால் தயங்காமல் மூடிவிடுங்கள்.

கேள்வி: நிதானம் எது, தொய்வு எது?

பதில்: சந்தேகப்படும் அத்தியாயத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் படியுங்கள். பின்னால் ஒரு மௌனமோ கோபமோ புரியாமல் போனால், விட்டது தேவையான அத்தியாயம். எதுவும் குறையவில்லையென்றால் அது தொய்வு. பெரும்பாலும் யார் கண்ணில் படுகிறது என்றே தெரியாத நீண்ட இயற்கை வர்ணனைகளில்தான் இது நேர்கிறது.

கேள்வி: ஏழு வயதுக் குழந்தை தத்துவம் பேசுகிறது. நம்பவே முடியவில்லை.

பதில்: கதையைச் சொல்வது யார் என்று முதலில் பாருங்கள். 1860–61இல் வாரத் தொடராக வந்த டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், பெரியவனான பிப் தன் சிறுவயதைச் சொல்கிறான். பயம் சிறுவனுடையது, அதை எடைபோடும் சொற்கள் பெரியவனுடையவை. ஜேம்ஸ் ஜாய்ஸின் 1916 நாவலான 'எ போர்ட்ரெய்ட் ஆஃப் தி ஆர்டிஸ்ட் அஸ் எ யங் மேன்' வேறு வழி: முதல் பக்கம் மழலையில் தொடங்குகிறது, நடை வயதோடு முதிர்கிறது, கடைசியில் இளைஞனின் நாட்குறிப்பாகிறது. நீங்கள் படிக்கும் நாவலில் தத்துவம் கதைசொல்லியின் வாயில் வந்தால் சரி. குழந்தையின் உரையாடலிலேயே வந்தால், ஆசிரியர் உள்ளே புகுந்துவிட்டார் என்று அர்த்தம். அதைக் குறையென்றே சொல்லலாம்.

கேள்வி: படுக்கும்போது தினம் ஐந்து பக்கம். மனதில் ஒட்டவில்லை.

பதில்: ஐந்து பக்கத்தில் நடை காதில் ஏறுவதற்குள் புத்தகம் மூடப்பட்டுவிடுகிறது. வாரம் இரண்டு முறை, 30–40 பக்கம், அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். இந்த நாவல்கள் ஆண்டுகளைச் சத்தமில்லாமல் தாண்டும். புதிய வகுப்பு, சிறிதாகிப்போன சட்டை, இவ்வளவுதான் அடையாளம். ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் பாத்திரத்தின் வயதை பென்சிலால் குறித்துவையுங்கள், குழப்பத்தில் பெரும்பகுதி தீரும்.

கேள்வி: முடிவு அந்தரத்தில் நிற்கிறதே?

பதில்: பாத்திரம் இனி பழைய இடத்துக்குப் பழைய ஆளாகத் திரும்ப முடியாது என்பது தெரிந்துவிட்டால் நாவல் முடிந்தது. கல்யாணமும் வேலையும் கட்டாயமில்லை. நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டன் சொன்னதால் டிக்கன்ஸ் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முடிவையே மாற்றி எழுதினார். பிப்பும் அவன் நேசித்த எஸ்டெல்லாவும் பிரிந்துபோவதாக முதலில் எழுதிய முடிவுதான் பொருத்தம் என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

கேள்வி: 'ரொம்ப ஸ்லோ' என்று கருத்து எழுதினால் தவறா?

பதில்: தவறில்லை, ஆனால் அடுத்த வாசகருக்குப் பயன்படாது. எந்த அத்தியாயத்தில் கவனம் விலகியது, அங்கே என்ன இருந்தது, பிறகு திரும்பப் பிடித்ததா என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள்.