இன்ஹேலருக்கு அடங்காத இழுப்பு

கேள்வி: ஆஸ்துமா என்று பல மாதங்கள் இன்ஹேலர் எடுத்த என் அண்ணனுக்கு, மூச்சுக்குழாயில் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்ற புற்றுநோய் என்று இப்போது சொல்கிறார்கள். அவர் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. நாங்கள் எப்படித் துணையாக இருப்பது? இதுபற்றி நாலு பேருக்கு என்ன சொல்வது?

பதில்: முதலில் சிகரெட் பேச்சை முடித்துவிடுவோம். மூச்சுக்குழாயில் வரும் இன்னொரு வகைப் புற்றுநோயான செதிள் செல் புற்றுநோய்க்குத்தான் புகையோடு நெருங்கிய தொடர்பு. அண்ணனுக்கு வந்திருப்பது அப்படியல்ல. 'என்ன பழக்கம் இருந்தது?' என்று துருவும் சொந்தக்காரர்களை நீங்களே சமாளித்து அனுப்பிவிடுங்கள். பாதி ஆறுதல் அதிலேயே கிடைக்கும்.

நோய் தாமதமாகத் தெரிந்ததற்காக யாரையும் நொந்துகொள்ள வேண்டாம். இது மிக அரிது, மெதுவாக வளர்வது. குழாய் பாதிக்குமேல் அடைபடும்வரை பலருக்கு ஒன்றும் தெரியாது; சாதாரண எக்ஸ்ரேயிலும் தப்பிவிடும்.

பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய் 10 முதல் 12 செ.மீ. நீளம். அதில் ஏறக்குறைய பாதிவரை வெட்டி, இரு முனைகளையும் இணைத்துத் தைக்க முடியும். இதை அடிக்கடி செய்யும் அறுவை நிபுணரிடம் கருத்துக் கேட்காமல் 'ஆபரேஷன் முடியாது' என்ற பதிலை ஏற்காதீர்கள். தையல் இழுபடாமலிருக்க, சில மருத்துவமனைகளில் தாடையை மார்போடு சேர்த்து ஒரு வாரம்போலத் தைத்து வைப்பார்கள். அப்போது அவரால் நிமிர்ந்து பார்க்க முடியாது. தாழ்வான ஸ்டூலில் அவர் பார்வைக்கு எதிரே உட்கார்ந்து பேசுங்கள். கட்டிலருகே நின்றுகொண்டு பேசினால் குரல் மட்டும்தான் கேட்கும்.

இந்த வகை நரம்பை ஒட்டி ஊர்ந்து பரவக்கூடியது என்பதால் பெரும்பாலும் ரேடியேஷனும் தருவார்கள். அப்புறம், ஐந்து வருடம் தாண்டினால் முடிந்தது என்ற கணக்கு இதற்குச் செல்லாது. பத்து வருடம் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டலாம். ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட்டுகளை ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

சரி, ஊருக்கு என்ன சொல்வது? சரியாக மருந்து எடுத்தும் இழுப்பு அடங்கவில்லையா, மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று சத்தம் வருகிறதா, சளியில் ரத்தமா? சிடி ஸ்கேனோ, கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டு மூச்சுக்குழாயைப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியோ தேவையா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தச் சத்தத்தை போனில் பதிவுசெய்து கொண்டுபோனால் இன்னும் நல்லது. பரிசோதனை நேரத்தில் அது வராமல் போகலாம். கூடவே, இழுப்பு வருகிற பெரும்பாலோருக்கு இந்த நோய் கிடையாது, பயந்துபோய் இன்ஹேலரை நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.