வடசென்னையிலிருந்து சுயேச்சைப் பத்திரிகையாளராக எழுதுவது எப்படி?

எண்ணூர் மீனவர்களைப் பற்றி எழுத ஆசை, பத்திரிகை வேலை இல்லை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் விஷயத்தைக் குறுக்குங்கள். ‘எண்ணூர் மாசு’ தலைப்புதான், கதை அல்ல. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியதே, அதில் கறுத்துப்போன வலையை ஒரு குடும்பம் என்ன செய்தது, புது வலைக்கு யாரிடம் கடன் வாங்கியது என்று போங்கள். அங்கேதான் கதை இருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கும் விடியற்காலையில் பேட்டி கேட்காதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது. வெயில் ஏறியபின் வலை சரிசெய்பவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சு தானாக வரும்.

பத்திரிகை ஆசிரியருக்கு முழுக் கட்டுரையை அனுப்புவது பலர் செய்யும் தவறு. 200 சொல்லுக்குள் முன்மொழிவு போதும்: புதிதாக என்ன, யாரிடம் பேசியாயிற்று, ஏன் இப்போது. சன்மானம், பயணச் செலவு, பணம் வரும் நாள் மூன்றையும் மின்னஞ்சலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது.

அரசுக் கணக்கு வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். ஆய்வறிக்கை நகல், நிவாரணப் பட்டியல் என்று ஆவணத்தைக் குறிப்பிட்டே கேளுங்கள்.