முந்நூறு மைலுக்கு அப்பால் ஓர் உள்ளூர் அணி

கேள்வி: வீட்டு டிவியில் பார்க்க பேஸ்பால் ஸ்ட்ரீமிங்குக்கு முழு சீசன் சந்தா கட்டினேன். எங்கோ இருக்கும் சியாட்டில் ஆட்டம் வருகிறது. எனக்குப் பிடித்த சிகாகோ கப்ஸ் ஆட்டத்துக்கு மட்டும் 'உங்கள் பகுதியில் இல்லை' என்கிறது திரை. சிகாகோ இங்கிருந்து 300 மைலுக்கு மேல்! இது பகல் கொள்ளை இல்லையா? இருக்கும் இடத்தை மறைத்துக் காட்டும் விபிஎன் போடு என்கிறான் நண்பன். போடலாமா?
- ஒரு வாசகர், டெ மாய்ன், அயோவா

பதில்: கொள்ளைதான், ஆனால் ரசீது கொடுத்து நடந்த கொள்ளை. நீங்கள் வாங்கியது 'வெளியூர் அணிகளின் ஆட்டங்கள்' என்று சொல்லியே விற்கப்படும் சந்தா. ஜிப் கோடை, அதாவது உங்கள் ஊர் பின்கோடை, தட்டிப் பார்த்திருந்தால் எந்தெந்த அணி வராது என்று முன்பே தெரிந்திருக்கும். கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்து வாங்குகிற நாம், ஸ்ட்ரீமிங் என்றால் மட்டும் முதலில் கார்டு நம்பரைத் தட்டிவிடுகிறோம்.

எது வெளியூர் என்பதில்தான் வேடிக்கை. மைல்கல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச அமைப்பான மேஜர் லீக் ஒவ்வொரு அணிக்கும் ஒரு டிவி எல்லை பிரித்துக் கொடுத்திருக்கிறது. உங்கள் அயோவாவில் ஒரு மேஜர் லீக் அணிகூடக் கிடையாது. ஆனால் கப்ஸ், ஒயிட் சாக்ஸ், செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி, மின்னசோட்டா, மில்வாக்கி என்று ஆறு அணிகள் அதை 'எங்கள் ஊர்' என்று சொந்தம் கொண்டாடி வந்திருக்கின்றன. இவர்கள் சியாட்டிலோடு ஆடினால் அன்றைக்கு சியாட்டிலும் போச்சு.

காரணம் கேபிள் பில். எல்லைக்குள் ஒளிபரப்பும் உரிமையை அணிகள் வட்டார சேனல்களுக்கு விற்றன. பேஸ்பால் பக்கமே போகாத வீட்டின் கேபிள் பில்லிலிருந்தும் அந்தச் சேனலுக்குப் பணம் போனது. அதே ஆட்டம் ஸ்ட்ரீமிங்கில் கிடைத்தால் கேபிளை எவன் வைத்திருப்பான்? 2012-ல் இந்த எல்லைகளை எதிர்த்து ரசிகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2016 ஜனவரியில் சமரசம் ஆனது. சந்தா விலை குறைந்தது, ஒரே அணியை மட்டும் வாங்கும் வசதி வந்தது. உள்ளூர் ஆட்டத்தின் மேல் போட்ட திரை மட்டும் விலகவில்லை. அப்புறம் 2023 மார்ச்சில், பல அணிகளின் உரிமையை வைத்திருந்த டைமண்ட் ஸ்போர்ட்ஸ் திவால் மனு கொடுத்தது. மே 30-ஓடு சான் டியேகோ அணியைக் கைவிட்டது. மறுநாளே லீக் தன் கேமராக்களோடு இறங்கி, சான் டியேகோக்காரர்களுக்கும் ஸ்ட்ரீமிங்கில் காட்டிவிட்டது. இத்தனை வருடம் அவிழாத முடிச்சு ஒரே ராத்திரியில் அவிழ்ந்தது!

விபிஎன் வேண்டாம். சந்தா விதிகளில் அதற்கு இடமில்லை; கட்டிய பணத்துக்கும் ஆபத்து. கப்ஸும் பங்கு வைத்திருக்கும் சேனலான மார்க்கீ 2023 முதல் கேபிள் இல்லாமல் தனியாகவும் கிடைக்கிறது. இந்த முறை ஜிப் கோடை முதலில் போடுங்கள். இன்னொரு சந்தாவா என்று பல்லைக் கடித்தால், ஆட்டம் முடிந்து சுமார் ஒன்றரை மணி நேரம் பொறுங்கள். முழு ஆட்டமும் உங்கள் சந்தாவிலேயே வரும். அதுவரை ஸ்கோர் சொல்லும் நண்பனின் போனை எடுக்காதீர்கள்.

நேரலைதான் வேண்டும் என்றால், ரேடியோ வர்ணனைக்கு இந்தத் தடை கிடையாது. உங்கள் ஊருக்கு அது புதிதும் அல்ல. 1930-களில் டெ மாய்ன் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு, தந்தியில் வந்த துணுக்குகளை வைத்தே கப்ஸ் ஆட்டங்களை வர்ணித்தவர் ரொனால்ட் ரீகன். ஆமாம், அமெரிக்க ஜனாதிபதியான அதே ரீகன்தான். ஒருநாள் நடுவில் தந்தி நின்றுபோக, பேட்டரை ஆறு நிமிடத்துக்கு மேல் ஃபவுலாகவே, அதாவது கோட்டுக்கு வெளியிலேயே, அடிக்க வைத்துச் சமாளித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.