பாண்டாக் குட்டிக்கு ஏன் இத்தனை தாமதம்?

கேள்வி: காய் காய், ஜியா ஜியா பாண்டா இணை 2012இல் சிங்கப்பூருக்கு வந்தும், முதல் குட்டி லெ லெ பிறக்க 2021 வரை ஆனது ஏன்? – வாசகி, ஈசூன்

பதில்: பெண் பாண்டா ஆண்டுக்கொரு முறை, அதுவும் 24 முதல் 36 மணி நேரம் மட்டுமே கருத்தரிக்கும் நிலையில் இருக்கும். காட்டில் ஒரு பெண்ணுக்காக ஆண்கள் பல போட்டியிடும். கூண்டு வாழ்வில் அந்தத் தேர்வுக்கே இடமில்லை என்பதுதான், என் பார்வையில், பெரிய இடர். அதனால்தான் மண்டாய் வனவிலங்குப் பூங்காவில் பராமரிப்பாளர்கள் பருவமாற்றத்தை உணர்த்த வெளிச்சத்தையும் வெப்பத்தையும் மாற்றியமைத்ததோடு, ஒன்றின் மணம் மற்றொன்றுக்குப் பழக வேண்டுமென்று இரண்டின் இருப்பிடங்களையும் மாற்றிவிட்டனர். இயற்கையான இணைசேர்க்கை கைகொடுக்காததால், செயற்கைக் கருவூட்டலும் செய்யப்பட்டது. ஏழாவது இனப்பெருக்கப் பருவத்தில்தான் பலன் கிட்டியது. கருவுறாத பாண்டாவின் உடலிலும் கர்ப்பகால ஹார்மோன் மாற்றங்கள் தோன்றுமாதலால், ஸ்கேனில் கரு தெரியும்வரை எவராலும் உறுதி கூற இயலாது.