கப்பலுக்கு என்ன புத்தகம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு ஊர் கடியபட்டணம். எண்ணெய் ஏற்றும் டேங்கர் கப்பலில் பம்ப்மேன் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் சிங்கப்பூரில் சைன் ஆன், அதாவது கப்பலில் வேலைக்கு ஏறுவது, ஒன்பது மாதக் காண்ட்ராக்ட். முதலில் சுமத்ராவில் பெலவான் துறைமுகம் போய்ப் பாமாயில் ஏற்றி, டர்பனில் இறக்குகிறோம். அப்புறம் சூரியகாந்தி எண்ணெய்க்காக இஸ்தான்புல் வழியே கருங்கடலுக்குள் போய், ருமேனியாவின் கான்ஸ்டன்சா வரைக்கும் போகலாம் என்று கம்பெனியில் பேச்சு. அதற்கு மேல் லோடு கிடைப்பதைப் பொறுத்தது.

இதுவரை கைக்குக் கிடைத்ததைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவேன். போன தடவை ஆப்பிரிக்கக் கரையோரம் போகும்போது நான் சோழர் காலத்து நாவல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கே சிரிப்பாக வந்தது. இந்த முறை எந்த ஊருக்குப் போகிறேனோ அந்த ஊர்ப் புத்தகத்தை அங்கே வைத்தே படிக்க ஆசை. பயணக் கட்டுரைகள் நல்லதா, நாவல்கள் நல்லதா? நாலு புத்தகத்துக்கு மேல் வைத்தால் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் இடம் இருக்காது என்று வீட்டில் சொல்லிவிட்டாள். நீங்களே தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு வாசகன், கடியபட்டணம்

அன்புள்ள தம்பிக்கு,

வீட்டில் சொன்ன கணக்கு சரி. நாலு போதும். ஊறுகாயைக் குறைக்க வேண்டாம்.

ஆனால் 'அங்கே வைத்தே' படிப்பது நடக்காது. சுற்றுலா போகிறவர் இறங்கிய ஊரின் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கலாம். உங்களுக்கு ஷோர் லீவ், அதாவது கரையிறங்க அனுமதி, கிடைப்பதே அபூர்வம். டேங்கரைக் கட்டும் இடம் பெரும்பாலும் ஊரை விட்டுத் தள்ளித்தான் இருக்கிறது. குழாயை மாட்டிச் சரக்கு ஏறி இறங்கும் நேரத்தில் பம்ப்மேனுக்குத்தான் கப்பலிலேயே அதிக வேலை. துறைமுகத்தில் நிற்கும் நாள் உங்களுக்குப் பக்கம் புரட்டவே நேரமில்லாத நாள். எந்த ஊர்ப் புத்தகமானாலும் அதைப் படிக்கப்போவது அந்த ஊருக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள கடலில். எதை முன்னால் படிப்பது, எதைப் பின்னால் படிப்பது என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

இதில் நமக்கு நல்ல முன்னோடி சார்லஸ் டார்வின். 1831 டிசம்பரில் பீகிள் கப்பலில் கிளம்பியபோது அவர் மனம் முழுக்க ஹம்போல்ட் எழுதிய பயண நூல்தான். டெனெரீஃப் தீவைப் பற்றி அதில் வரும் பக்கங்களை எழுதி வைத்துக்கொண்டு நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுகிற அளவுக்குப் பைத்தியம். 1832 ஜனவரியில் கப்பல் அந்தத் தீவின் முன்னால் போய் நின்றது. இங்கிலாந்தில் காலரா, ஆகவே பன்னிரண்டு நாள் காத்திருந்தால்தான் கரையேறலாம் என்று சொல்லிவிட்டார்கள். கேப்டன் ஃபிட்ஸ்ராய் காத்திருக்கத் தயாராக இல்லை, பாயை விரித்துவிட்டார். மனப்பாடமாகப் படித்த மலையைக் கப்பலிலிருந்து பார்த்ததோடு சரி.

அதே பயணத்தில் அடுத்த நிறுத்தம் கேப் வெர்டே தீவுகள். அங்கே கையில் இருந்தது நிலவியல் அறிஞர் லயலின் நூல், முதல் தொகுதி. ஃபிட்ஸ்ராய் கொடுத்த பரிசு. அந்தத் தீவைப் பற்றிய புத்தகமே இல்லை அது, பாறையை எப்படிப் பார்ப்பது என்று சொல்லும் புத்தகம். கடலோரப் பாறையில் சிப்பிகளோடு ஓடிய வெள்ளைப் பட்டை டார்வினுக்கு அர்த்தமானது அதனால்தான். கடலடியில் இருந்த தரை மேலே உயர்ந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஆகவே என் கட்சி இது. கண்ணுக்குப் பயிற்சி தருகிற புத்தகத்தை முன்னால் படியுங்கள். நாவலைப் பின்னால் படியுங்கள். முன்னால் படித்தால் மனசு தன் பாட்டுக்கு ஒரு ஊரைக் கட்டிவிடும், நிஜ ஊர் அதற்கு முன் சப்பென்று போய்விடும். பின்னால் படித்தால், கிரேனையும் கேட்டையும் ஏஜென்டின் முகத்தையும் மட்டும் பார்த்திருந்தாலும்கூட, அந்த ஊரின் வெக்கையும் வாடையும் உங்களிடம் இருக்கும். நாவலாசிரியர் எழுதிய தெரு அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பயணக் கட்டுரையா என்று கேட்டீர்கள். கூட வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றி என்ன படிக்கலாம் என்று உங்களிடம் கேட்டால் எதைக் கொடுப்பீர்கள்? சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை என்று அச்சடித்த கையேட்டையா? தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யையும் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யையும்தானே? மற்ற ஊர்களுக்கும் அதே நியாயத்தை வைத்துக்கொள்ளுங்கள். வந்து போனவர் எழுதியதைவிட இருந்து உழன்றவர் எழுதியது மேல்.

பெலவான் மேடான் நகரத்தின் துறைமுகம். மேடானுக்குத் தமிழிலேயே புத்தகம் இருப்பது நம் அதிர்ஷ்டம், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. அங்கே வேலை பார்த்தவர் அவர். ஜப்பான்காரன் உள்ளே வரும் காலத்து மேடான், டச்சுக்காரர் வைத்த தெருப்பெயர்கள், வட்டிக்கடைத் தமிழர்கள், எல்லாம் உள்ளே இருந்து பார்த்தது. பெலவானை விட்ட அன்றே ஆரம்பியுங்கள். மலாக்கா நீரிணையில் வடமேற்காகப் போவீர்கள், வலது பக்கம் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் பினாங்கு. நாவலில் தொங்கான் என்ற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டுவது இந்த நீரில்தான். அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கடல் தெரிந்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்க ஆசை, நாங்களெல்லாம் கரையில் உட்கார்ந்து பாராட்டியவர்கள். இன்னொன்று, மேடானில் இருக்கும் நாவலின் நாயகன் பாண்டியன் மதுரைத் தெருக்களையே நினைத்துக்கொண்டிருப்பான். வேறு ஊரில் இருக்கும்போது சோழர் நாவல் படித்ததற்குச் சிரித்தீர்களே, சிரிக்க ஒன்றுமில்லை.

டர்பனுக்கு 'சத்திய சோதனை'. இது முன்னால் படிக்க வேண்டியது, அதுவும் முழுக்க வேண்டாம். 1896 டிசம்பரில் காந்தி குடும்பத்தோடு அங்கே போய்ச் சேர்ந்த அத்தியாயங்களை மட்டும். கூர்லாண்ட், நாதேரி என்று இரண்டு கப்பல்கள். பம்பாயில் பிளேக் என்று காரணம் சொல்லி 23 நாள் வெளியிலேயே நிறுத்தி வைத்தார்கள். உண்மையான காரணம் இந்தியர் இறங்கக்கூடாது என்ற வெள்ளையரின் கோபம். 1897 ஜனவரி 13-இல் இறங்கியபோது கூட்டம் அடித்தது. போலீஸ் அதிகாரியின் மனைவி குடையை விரித்துக் குறுக்கே நின்று காப்பாற்றினார். பெர்த், அதாவது கப்பல் கட்டும் இடம், கிடைக்காமல் நீங்களும் டர்பனுக்கு வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்க நேரலாம். இந்தப் பக்கங்களைப் படிக்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கியதும் இதே துறைமுகத்தில்தான்.

இஸ்தான்புல்லை நீங்கள் டெக்கிலிருந்து மட்டும் பார்ப்பீர்கள். அதற்கு ஓரான் பாமுக்கின் 'இஸ்தான்புல்'. தமிழில் ஜி. குப்புசாமி மொழிபெயர்த்தது, நம் நாகர்கோவில் காலச்சுவடு வெளியீடு, போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம். ஊருக்கு நடுவே ஓடும் பாஸ்பரஸ் நீரிணையில் போகிற கப்பல்களை எண்ணுவது பாமுக்கின் பழக்கம். அவர் எண்ணிய கப்பல்களில் ஒன்றில் இருந்து நீங்கள் அந்த ஜன்னல்களைப் பார்க்கப்போகிறீர்கள். நீரிணையின் மிகக் குறுகிய இடம் 700 மீட்டர் அளவுதான், வீடுகள் அவ்வளவு பக்கம். 1979-இல் ருமேனிய டேங்கர் இண்டிபெண்டென்டா அந்த நீரிணையின் தெற்கு வாயிலில் மோதி எரிந்ததை உங்கள் சீனியர்கள் யாராவது சொல்லியிருப்பார்கள். செங்கடல் நிலவரத்தால் சூயஸை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகச் சொன்னால் இந்தப் புத்தகத்துக்கு இன்னும் கொஞ்சம் நாள் கிடைக்கும்.

நாலாவது இடத்தை எந்த ஊருக்கும் கொடுக்காதீர்கள். விவேகானந்தர் 1892-இல் நம் கன்னியாகுமரிக்கு வந்து சேர்வதற்கு முன் நாடு முழுக்கச் சுற்றியபோது கையில் வைத்திருந்தவை கீதையும், தாமஸ் ஆ கெம்பிஸ் எழுதிய கிறிஸ்துநாதர் அநுசாரமும். எல்லா ஊருக்கும் அந்த இரண்டுதான். ஒரே ஒரு புத்தகம்தான் எடுக்க முடியும் என்றால் டார்வின் எடுத்தது ஆங்கிலக் கவிஞர் மில்டனை. உங்களுக்கு அது எது என்று நான் எப்படிச் சொல்ல? வீட்டு அலமாரியில் எது ஓரம் நைந்து கிடக்கிறதோ அது.

கான்ஸ்டன்சாவுக்குப் பெட்டியில் இடமில்லை, போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். கி.பி. 8-இல் ரோமிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஓவிட் என்ற கவிஞர் கடைசிவரை கிடந்த ஊர் அது, அப்போது பெயர் டோமிஸ். அங்கிருந்து எழுதிய 'டிரிஸ்டியா' ஆங்கிலத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. குளிர், அந்நிய பாஷை, வீட்டு நினைப்பு என்று ஒரே புலம்பல். ஒரே மூச்சில் ஐந்தாறுக்கு மேல் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் கடலில் புயல் வரும் கவிதைகளை விட்டுவிடாதீர்கள். ஷோர் லீவ் கிடைத்தால் ஊர்ச் சதுக்கத்தில் அவர் சிலை இருக்கிறது.

சார்ட்டர், அதாவது கப்பலின் வாடகை ஒப்பந்தம், மாறி பிரேசில் பக்கம் திருப்பிவிட்டால் ஒரு வரி எழுதுங்கள், வேறு பட்டியல் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி