ஆல் வீல் டிரைவ் இருக்கும்போது டிராக்‌ஷன் கன்ட்ரோல் எதற்கு?

நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் ஆல் வீல் டிரைவ் காரில், சக்கரம் பிடிமானமின்றிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் தனியாக எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். முன், பின் அச்சுகளுக்கு இடையே விசையைப் பகிர்வதே ஆல் வீல் டிரைவின் வேலை. பல கார்களில் ஒரு கிளட்ச் இதைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கிறது.

ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கு இடையில்தான் சிக்கல் எழுகிறது. திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால் அங்கே, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு வைக்கப்படுகிறது. சாதாரண டிஃபரென்ஷியல் இரு பக்கமும் சமமான முறுக்குவிசையையே தரும் என்பதால், ஒரு சக்கரம் சேற்றில் பிடிமானமின்றிச் சுழலும்போது, உலர்ந்த தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கிறது.

இங்கேதான் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வருகிறது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் சக்கர வேக சென்சார்கள் அதற்குக் கைகொடுக்கின்றன. ஒரு சக்கரம் மட்டும் வேகமாகச் சுழல்வதை அவை காட்டிக்கொடுத்ததும், கணினி அந்தச் சக்கரத்தின் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிறது. அந்தத் தடையை எதிர்த்துச் செலுத்தப்படும் விசை மறு சக்கரத்துக்கும் அதே அளவில் போய்ச் சேர, கார் மெல்ல நகரத் தொடங்குகிறது. தேவைப்பட்டால் எஞ்சின் விசையும் குறைக்கப்படும். ஆழமான மணலில் இந்தக் குறைப்பே காரை நிறுத்திவிடக்கூடும் என்பதால், அங்கு டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவைப்பது நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: காரை நிறுத்துவதற்கு ஆல் வீல் டிரைவ் உதவாது. ஈரச் சாலையில் நிற்கும் தூரத்தைப் பெரிதும் தீர்மானிப்பவை வேகமும் டயரின் பிடிமானமுமே.